பஸ்ஸர்பீட்டரில் யூ21 தேசிய அணிக்கு யாரை மேனேஜராகத் தேர்ந்தெடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஸ்ஸர்பீட்டர் 2007 முதல் இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கூடைப்பந்து மேலாண்மை விளையாட்டு. நாம் பந்தைத் தொடுவதில்லை. கிளப்பை நடத்துகிறோம், பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறோம், யார் எந்த இடத்தில் ஆடுவது என்று எழுதிக் கொடுக்கிறோம், ஆட்டம் தானே நடக்கிறது. தேசிய அணித் தேர்தல் நெருங்கினாலே புதிதாக வந்தவர்கள் ஒரே சந்தேகங்களோடு வருகிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். தேர்தல் எப்போது, யார் நிற்கலாம் என்பதெல்லாம் விளையாட்டின் விதிகள் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே பேசப்போவது யாருக்குப் போடுவது என்பதை மட்டும்.

யூ21 அணின்னா என்ன? என் கிளப்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு தேசிய அணிகள். ஒன்று வயது வரம்பில்லாத சீனியர் அணி. இன்னொன்று 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கான யூ21. கண்ட அளவிலான தொடரும் உலகத் தொடரும் சீசன் விட்டு சீசன் மாறி மாறி வரும்.

அந்த அணிக்கென்று தனியாக ஆட்டக்காரர்கள் கிடையாது. உங்கள் கிளப்பிலும் என் கிளப்பிலும், கடல் கடந்து யாரோ ஒருவரின் கிளப்பிலும் இருக்கும் நம் நாட்டுப் பையன்கள்தான் அதில் ஆடுகிறார்கள். பையன் எந்த நாட்டு டிராஃப்டில் (புதுப் பையன்களைக் கிளப்புகள் பிரித்து எடுத்துக்கொள்ளும் தேர்வு) வந்தானோ அந்த நாட்டுக்காரன். அவனை யார் விலைக்கு வாங்கினாலும் அது மாறாது. இது சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் கீழே வரும் பாதிப் பதில்கள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

மேனேஜர்னா பசங்களுக்கு டிரெயினிங் குடுப்பாரா?

மாட்டார். அவரால் முடியாது. பயிற்சி முழுக்க கிளப் முதலாளியின் கையில். வாரத்துக்கு ஒரு முறை, அவர் தேர்ந்தெடுத்த திறமையில், அவர் ஆடவைத்த இடத்தைப் பொறுத்து பையன் முன்னேறுகிறான். தேசிய அணி மேனேஜருக்கு யாரை அழைப்பது, யாரை எங்கே நிறுத்துவது, என்ன உத்தி, எவ்வளவு முனைப்பு என்ற முடிவுகள் மட்டும்தான்.

அப்படியானால் பாதி வேலை கடிதம் எழுதுவது என்று ஆகிறது. விளையாட்டுக்குள்ளேயே பிபி-மெயில் இருக்கிறது. நல்ல பையன் யாரிடம் இருக்கிறானோ அவருக்கு எழுதி, ‘இவனுக்கு அடுத்த ஐந்து வாரம் ஹேண்ட்லிங் (பந்தைக் கையாளும் பயிற்சி) கொடுங்கள்’ என்று கேட்டு, அவர் சம்மதித்தால் நன்றி சொல்லி, சம்மதிக்காவிட்டால் வேறு வழி பார்த்து... யூ21 மேனேஜர் வேலை என்பது பெரும்பாலும் இதுதான். ஆட்ட நாளில் அரை மணி நேரம். மற்ற நாளெல்லாம் தபால்காரர் வேலை.

என் ஒரு ஓட்டால என்ன ஆகப்போகுது?

ஆட்கள் நிறைய இருக்கும் நாட்டில் பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆட்கள் குறைவான நாட்டில் இரண்டு மூன்று ஓட்டில் முடிவு மாறும். கிளப்பை வாங்கிப் போட்டுவிட்டு வராமலே இருப்பவர்கள் எங்கும் உண்டு. தேர்தல் வாரத்தில் உள்ளே வந்து ஓட்டுப் போடுபவர்களின் கூட்டம் நாம் நினைப்பதைவிடச் சின்னது.

முதல் டிவிஷன்ல கப் அடிச்சவர் நிக்கிறார். கண்ணை மூடிக்கிட்டு அவருக்கே போட்டுடலாம்ல?

கண்ணைத் திறந்துகொண்டு போடுங்கள். கிளப்பை மேலே கொண்டுவந்தவரிடம் என்னென்ன இருக்கும்? அரங்கத்துக்கு எப்போது இருக்கை சேர்ப்பது என்று தெரியும். டிக்கெட் விலை தெரியும். ஏலத்தில் மலிவாக வாங்கி விலை ஏறும்போது விற்கத் தெரியும். இதில் எதுவுமே தேசிய அணியில் இல்லை. அங்கே வாங்கல் விற்றல் கிடையாது, சம்பளம் கொடுப்பதும் அவர் இல்லை.

அவரோடு கூட வரக்கூடியவை எதிராளியைப் படிக்கும் பழக்கமும் முனைப்பைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் பொறுமையும். இரண்டும் மதிப்புள்ளவைதான். ஆனால் அதே ஆள் மெயிலுக்குப் பதில் போட ஒரு மாதம் எடுப்பவர் என்றால், மூன்றாவது டிவிஷனில் இருந்துகொண்டு அன்றைக்கே பதில் போடுகிறவர் மேல். சீனியர் அணிக்கு என்றால் நான் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே பையன்கள் ஏற்கெனவே வளர்ந்து முடிந்தவர்கள். யூ21-இல் வளர்ப்பதே வேலை.

எல்லாரும் ‘நாட்டுக்காக உழைப்பேன்’னுதான் எழுதறாங்க. பேச்சை வச்சு எப்படி எடை போடறது?

வயதைத் தேடுங்கள். பேச்சில் 18, 19 என்ற எண்கள் வருகிறதா என்று பாருங்கள். ‘இப்போது 20 வயதில் நமக்கு நல்ல சென்டர்கள் (கூடைக்கு அருகில் ஆடும் உயரமானவர்கள்) மூன்று பேர், ஆனால் மூவருக்குமே பாசிங் கிடையாது. 19-இல் பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) என்று சொல்ல ஒருவர்தான். அதனால் வரும் டிராஃப்டில் குட்டையான பையன்களைத் தேடப்போகிறேன்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அவர் பட்டியலைத் திறந்து பார்த்திருக்கிறார். ‘பலமான தற்காப்பு, ஒற்றுமை, வெற்றி’ என்று எழுதியவர் நிச்சயமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது.

அடுத்து, கூட யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தனியாளாக எல்லாரையும் தேடுவேன் என்பவரைவிட, கார்டுகளை ஒருவர், உயரமானவர்களை ஒருவர் என்று ஸ்கவுட் வேலையை, அதாவது நல்ல பையன்களைத் தேடும் வேலையை, பிரித்து வைத்திருப்பவர் சீசன் நடுவில் சோர்ந்து போக மாட்டார். பேச்சின் நீளம் ஒரு பொருட்டே இல்லை.

திறமை எல்லாம் பேஜ்லயே தெரியாதா? அதை ஏன் மெயில் போட்டுக் கேக்கணும்?

மற்றவர்களுக்குத் தெரிவது கொஞ்சம்தான். வயது, உயரம், சம்பளம், பொடென்ஷியல் (எவ்வளவு வளரலாம் என்ற எல்லை), கேம் ஷேப் (அந்த வார ஆட்ட நிலை), டிஎம்ஐ (பலத்தைத் தோராயமாகக் காட்டும் ஓர் எண்). ஜம்ப் ஷாட் எத்தனை, ரீபவுண்டிங் எத்தனை என்பதெல்லாம் அவனை விற்பனைக்குப் போட்டால்தான் பொதுவில் தெரியும். விற்பனைக்கு வராத பையனைப் பற்றி முதலாளி சொன்னால்தான் உண்டு.

டிஎம்ஐ, சம்பளம் இரண்டையும் வைத்துத் தோராயமாக ஊகிக்கலாம். டிஎம்ஐ கேம் ஷேப்போடு ஏறி இறங்கும் என்பதால் ஷேப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழகிய ஸ்கவுட் ஒருவர் சம்பளம் ஏறிய விதத்தைப் பார்த்தே ‘இவனுக்கு உள்ளே ஆடும் திறமையை மட்டுமே ஏற்றியிருக்கிறார்கள்’ என்று சொல்லிவிடுவார்.

டிராஃப்ட் முடிந்த வாரம்தான் அறுவடைக் காலம். பயிற்சி கொடுக்க விருப்பமில்லாத கிளப்புகள் புதுப் பையன்களைக் கையோடு விற்பனைப் பட்டியலில் போடும். திறமைகள் திறந்து கிடக்கும். அந்தச் சில நாளில் பட்டியலைச் சலித்து எடுத்து, நல்ல பயிற்சி கொடுக்கக்கூடிய ஒருவர் கையில் பையன் போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டால், மூன்று சீசன் கழித்து அதன் பலன் தெரியும். வேட்பாளரிடம் ‘போன டிராஃப்ட் வாரத்தில் என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். இதைவிடக் கூர்மையான கேள்வி எனக்குத் தெரியாது.

18 வயசுல ஒருத்தன் கிடைச்சா எவ்வளவு டைம் இருக்கு?

ஒரு சீசன் 14 வாரம். சீசன் மாறும்போது எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரு வயது கூடும். 18-இல் தொடங்கியவன் 21 முடிப்பதற்குள் நான்கு சீசன், ஆகமொத்தம் 50-க்கு மேற்பட்ட பயிற்சி வாரங்கள். கேட்க நிறைய. ஆனால் ஆட்டக்காரனின் திறமைகள் பத்துக்கு மேல் இருக்கின்றன, வாரத்துக்குப் பயிற்சி ஒன்றுதான். அதோடு வயது ஏற ஏற பயிற்சி மெதுவாகும். 18-இல் ஒரு மாதம் வீணாவது 21-இல் ஒரு மாதம் வீணாவதைவிட மோசம்.

தொடர்கள் மாறி மாறி வருவதால் இன்னொரு கணக்கும் உண்டு. இது உலகத் தொடர் சீசன் என்றால், இப்போது 19-இல் இருப்பவர்கள் அடுத்த உலகத் தொடரில் 21-இல் இருப்பார்கள். 20-இல் இருப்பவர்களின் உச்சம் கண்டத் தொடரில் போய்விடும். எந்த வயதுக் கூட்டத்தை எந்தத் தொடருக்குக் குறிவைக்கிறார் என்று வேட்பாளர் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சென்டரை பாயின்ட் கார்டா ஆடவைங்கன்னு மெயில் வருது. இவங்களுக்குப் பைத்தியமா?

அதிகம் பேர் கோபத்தோடு கேட்கும் கேள்வி இது. கோபம் நியாயம்தான். கோரிக்கையும் நியாயம்தான்.

பயிற்சி, ஆட்டத்தில் நின்ற இடத்துக்குத்தான் போகும். இந்த வாரம் பாசிங் பயிற்சியை ஒரே இடத்துக்கு என்று வைத்தால், பாயின்ட் கார்டாக ஆடியவர்களுக்கு மட்டும் அது கிடைக்கும். முழுப் பயிற்சிக்கு 48 நிமிடம், அதாவது ஒரு முழு ஆட்டம், வேண்டும். வாரத்தில் மூன்று ஆட்டம் என்றால் மூன்று பேருக்கு முழுப் பயிற்சி. ஆகவே, ஏழடி உயரச் சென்டருக்கு பாசிங் வேண்டுமென்றால் அவன் பாயின்ட் கார்டாக நின்று பந்தைக் கொண்டுபோயே ஆக வேண்டும். ஹேண்ட்லிங் இல்லாதவன் பந்தைக் கொண்டுபோனால் பந்து எதிராளி கைக்குப் போகும். அது லீக் ஆட்டமாக இருந்தால் நீங்கள் தோற்பீர்கள், தோற்றால் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள், வருமானம் குறையும். மேனேஜருக்கு இதில் ஒரு காசு நஷ்டம் இல்லை. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

பிறகு ஏன் கேட்கிறார்கள்? ரீபவுண்டிங், இன்சைட் ஷாட், இன்சைட் டிஃபென்ஸ் மட்டுமே ஏற்றப்பட்ட சென்டரை எல்லா நாடும் வைத்திருக்கிறது. அதற்கு மேல் பந்தைக் கையாளவும் பாஸ் கொடுக்கவும் தெரிந்தவன்தான் நெருக்கமான ஆட்டத்தை மாற்றுகிறான். அதேபோல உள்ளே புகுந்து போடத் தெரிந்த கார்டு. அவனை உருவாக்க அவனைச் சென்டராக ஆடவைக்க வேண்டும். இரண்டுமே கிளப்புக்கு வலிக்கும்.

இங்கேதான் நல்ல மேனேஜரும் சுமாரான மேனேஜரும் பிரிகிறார்கள். சுமாரானவர் ‘பத்து வாரம் பாசிங் கொடுங்கள்’ என்று ஒரு வரி எழுதுவார். நல்லவர் உங்கள் ஆட்ட அட்டவணையைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுவார்: ‘நீங்கள் கோப்பையிலிருந்து வெளியேறிவிட்டீர்கள், வார நடுவில் பயிற்சி ஆட்டம் மட்டும்தான். அதில் அவனை 48 நிமிடமும் பாயின்ட் கார்டாக விடுங்கள், லீக் ஆட்டங்களில் தொட வேண்டாம். தோற்றாலும் நஷ்டமில்லை.’ இப்படி ஒரு மெயில் உங்களுக்கு எப்போதாவது வந்திருந்தால், அதை எழுதியவர் நிற்கும்போது மறக்காமல் போடுங்கள்.

ஹைட்டுக்கும் இதுக்கும் என்ன?

உயரம் ஆட்டத்தில் நேரடியாக எதையும் செய்யாது. பயிற்சியின் வேகத்தைத்தான் மாற்றும். உயரமானவன் உள்ளே ஆடும் திறமைகளைச் சீக்கிரம் கற்பான், குட்டையானவன் கார்டுத் திறமைகளை. நடுத்தர உயரக்காரன் இரண்டையும் சுமாரான வேகத்தில் கற்பான். யூ21-இல் காலம் குறைவு என்பதால் இதைப் பார்க்காமல் போட்ட திட்டம் பாதியில் நிற்கும்.

பொடென்ஷியல் பெருசா இருந்தா போதும்னு சொல்றாங்களே?

பொடென்ஷியல் என்பது கூரை. அதைத் தொட்ட பிறகு பயிற்சி ஆமை வேகத்துக்கு வந்துவிடும். சீனியர் அணிக்கு ஹால் ஆஃப் ஃபேமர், எம்விபி என்றெல்லாம் (பொடென்ஷியலின் உயர்ந்த நிலைகள்) தேடுவது சரி. 21 வயதுக்குள் அந்த உயரமான கூரையை எட்டவே நேரம் கிடையாது. ஆகவே யூ21-க்கு, தொடங்கும்போதே நல்ல திறமைகளும் நடுத்தரக் கூரையும் உள்ள 18 வயதுக்காரன், வெறும் கையோடு வந்த ஹால் ஆஃப் ஃபேமரைவிடப் பயன்படலாம். கூரை ரொம்பத் தாழ்ந்திருந்தால்தான் சிக்கல். பேச்சில் பொடென்ஷியலை மட்டுமே வரிசைப்படுத்தியிருக்கும் வேட்பாளர் சீனியர் அணிக்கான பட்டியலைக் கொண்டுவந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

சம்பளத்தைப் பத்தி ஏன் இவ்வளவு பேச்சு? அது கிளப் பிரச்சினைதானே?

கிளப்பின் பிரச்சினை பையனின் பிரச்சினையாகிவிடும். சீசன் மாறும்போது திறமைக்கேற்ப சம்பளம் புதிதாகக் கணக்கிடப்படும். உள்ளே ஆடும் திறமைகளை மட்டும் ஏற்றிய சென்டரின் சம்பளம் கிடுகிடுவென ஏறும். தாங்க முடியாத முதலாளி அவனை விற்பார். வாங்குபவர் பெரிய டிவிஷன்காரராக இருந்தால் அவனை ஆடவைப்பாரே தவிர பயிற்சி கொடுக்க மாட்டார். 20 வயதில் பயிற்சி நின்றுபோன பையன்கள் இப்படி எத்தனையோ பேர்.

சென்டரை பாயின்ட் கார்டாக ஆடவைப்பது பற்றிய பதிலில் சொன்ன பாசிங், ஹேண்ட்லிங் எல்லாம் இங்கேயும் உதவும். ஒரே பக்கம் சாயாமல் வளர்ந்தவனின் சம்பளம் அதே பலத்துக்குக் குறைவாக இருக்கும். கிளப்பும் தாங்கும். மேனேஜர் இதைச் சொல்லிக் கேட்டால் முதலாளிக்கும் லாபம் தெரிகிறது. தேசபக்தியைவிடச் சம்பளக் கணக்கு நன்றாக வேலை செய்யும், முக்கியமாக முதலாளி வேறு நாட்டுக்காரராக இருக்கும்போது. அவருக்கு நம் கொடிமேல் என்ன அக்கறை?

கேம் ஷேப் சரியில்லன்னு நம்ம ஊர் ஸ்டாரை உக்கார வச்சுட்டாங்க. இது நியாயமா?

நியாயம். கேம் ஷேப் இறங்கினால் எல்லாத் திறமையும் இறங்கின மாதிரிதான். ஷேப் அந்த வாரம் அவன் கிளப்பில் ஆடிய நிமிடங்களைப் பொறுத்தது. சுமார் 50-லிருந்து 70 நிமிடம் என்பது பாதுகாப்பான அளவு என்று அனுபவக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். மூன்று ஆட்டத்திலும் முழுக்க ஓடவிட்டாலும் கெடும், பெஞ்சில் போட்டாலும் கெடும்.

தொடரின் முக்கியமான வாரங்களுக்கு முன்பே முதலாளிகளுக்கு நினைவூட்டுவது மேனேஜரின் வேலை. போன தொடரில் ஆடியவர்களின் ஷேப்பை நீங்களே பார்த்துக்கொள்ளலாம், மறைவில்லை. அணி முழுக்க ஷேப் நன்றாக இருந்தால் ஒருவர் மெயில் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஜெயிக்க வேண்டிய மேட்ச்ல ‘டேக் இட் ஈசி’ போட்டு தோத்துட்டார். தூக்கிட வேண்டியதுதானே?

பொறுங்கள். முனைப்பு மூன்று வகை: டேக் இட் ஈசி, நார்மல், க்ரஞ்ச் டைம். முதலாவது அணியின் உற்சாகத்தைச் சேமிக்கும், கடைசியானது அன்றைக்கு நன்றாக ஆடவைத்து உற்சாகத்தைத் தின்றுவிடும். உற்சாகம் மேலே இருக்கும் அணி, திறமை சற்றுக் குறைந்தாலும் ஜெயிக்கும். ஆகவே தொடக்கச் சுற்றில் ஒன்றிரண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, வெளியேறும் நிலை வரும் ஆட்டத்துக்குச் சேர்த்து வைப்பது சரியான கணக்கு.

தப்பு எது என்றால், சேர்த்து வைத்ததைச் செலவழிக்கவே இல்லாமல் வெளியேறுவது. தோற்ற ஆட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதற்குப் பிறகு வந்த பெரிய ஆட்டத்தில் அந்த உற்சாகம் எங்கே போனது என்று பாருங்கள். முன்கூட்டியே ‘இந்த இரண்டு ஆட்டத்தை விடப்போகிறேன்’ என்று சொன்னவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. எதிராளியும் அதைப் படிப்பார் என்பதால் எல்லாரும் சொல்ல மாட்டார்கள், அதுவும் சரிதான்.

எந்த டாக்டிக்ஸ் ஆடுவீங்கன்னு வேட்பாளர்கிட்ட கேக்கலாமா?

கேளுங்கள். ஆனால் ‘லுக் இன்சைடா, மோஷனா?’ (உள்ளே ஆடும் உத்தியா, வெளியிலிருந்து போடும் உத்தியா) என்று கேட்டு உங்களுக்குப் பிடித்த பதில் வருகிறதா என்று பார்க்காதீர்கள். கையில் இருக்கும் பையன்களைப் பார்த்தால் பதில் தானே தெரியும். மூன்று சீசனாக உள்ளே ஆட வளர்த்த கூட்டத்தை வைத்துக்கொண்டு ரன் அண்ட் கன் (வேகமாக ஓடி வெளியிலிருந்து போடும் உத்தி) ஆடுவேன் என்பவர் பட்டியலைப் பார்க்கவில்லை.

சிக்கலான இடம் எதிர்காலத்தில் இருக்கிறது. எல்லா நாடும் உள்ளே ஆடுகிறது என்பதால் எல்லாரும் இன்சைட் டிஃபென்ஸையே ஏற்றுகிறார்கள். அப்போது இன்றைய 18 வயதுக்காரர்களை வெளியிலிருந்து போட வளர்த்தால் மூன்று சீசன் கழித்து ஒரு சாதகம் கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். இப்படி ஒரு பந்தயம் கட்டத் துணிகிறவர் காரணம் சொன்னால் கேட்டுப் பாருங்கள்.

இப்ப இருக்கற மேனேஜர் முதல் ரவுண்டுலயே வெளிய வந்துட்டார். மாத்திடலாம்தானே?

இந்தப் பக்கத்தை எழுதத் தோன்றியதே இந்தக் கேள்வியால்தான். இன்றைக்கு 21 வயதில் ஆடுகிறவர்கள் யாருடைய வேலை? அவர்களை 18-இல் கண்டுபிடித்துப் பயிற்சிக்கு வழி செய்தவர் யாரோ அவருடைய வேலை. அவர் இரண்டு தேர்தலுக்கு முன்பே போயிருக்கலாம். இப்போது தோற்றவர் காலியான அலமாரியைத் திறந்தவராக இருக்கலாம். போன தொடரில் கோப்பை வாங்கியவர் முன்னவர் நிரப்பி வைத்ததை எடுத்துச் சாப்பிட்டு, திரும்ப ஒன்றும் வைக்காமல் போனவராக இருக்கலாம்.

ஆகவே தோற்றவரைப் பற்றி முடிவெடுக்க, முதல் அணியைப் பார்க்காமல் இப்போதைய 18, 19 வயதுக்காரர்களைப் பாருங்கள். அவர் பதவிக்கு வந்தபோது இருந்ததைவிட இப்போது தேறுகிறவர்கள் அதிகமா? அவர்கள் பயிற்சி கொடுக்கும் கிளப்புகளில் இருக்கிறார்களா, பெஞ்சில் தூங்குகிறார்களா? அந்தப் பக்கம் நன்றாக இருந்தால் தோற்றவருக்கே இன்னொரு முறை போடலாம். நான் அப்படித்தான் செய்வேன். ஜெயித்த நேரத்திலும் இதே சோதனை பொருந்தும், அப்போது யாரும் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் நிக்கிறார். நம்ம நாட்டைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?

சின்ன நாடுகளில் இது சகஜம். அவருக்கு நம் பையன்களைத் தெரியவில்லை என்பது முதல் வாரத்துக் குறை, தேடினால் தெரிந்துவிடும். முன்பு வேறு எங்காவது யூ21 நடத்தியிருந்தால் மேலே சொன்ன சோதனையை அங்கே செய்து பாருங்கள். விட்டுப் போனபோது 18, 19-இல் ஆள் இருந்ததா?

உண்மையான பயம் மொழி. நம் முதலாளிகளோடு அவர் பேச முடியுமா? முடியாவிட்டால் உள்ளூரில் ஒருவர் ஸ்கவுட்டாக இருக்கச் சம்மதித்திருக்கிறாரா? இந்த இரண்டும் சரியென்றால் பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டியதில்லை.

தன் கிளப் பசங்களையே எடுத்துப் போட்டுக்குவாரோ?

சந்தேகப்படலாம், சரிபார்க்கவும் முடியும். அதே இடத்தில் ஆடும் மற்றவர்களின் டிஎம்ஐ, ஷேப் இரண்டும் பொதுவில் இருக்கின்றன. தெளிவாகப் பின்தங்கிய பையன் தொடர்ந்து ஆடினால் கேள்வி கேளுங்கள். ஆனால் டிஎம்ஐ முழுக் கதை சொல்லாது. பாசிங் இருக்கும் சென்டரின் டிஎம்ஐ, உள்ளே மட்டும் ஆடுகிறவனைவிடக் குறைவாகத் தெரியலாம். திட்டுவதற்கு முன் ஒரு மெயில் போட்டுக் காரணம் கேட்பது நல்லது.

யூ21 மேனேஜர் ஒண்ணு சொல்றார், சீனியர் மேனேஜர் வேற சொல்றார். யார் பேச்சைக் கேக்கறது?

இரண்டு பேரின் கடிகாரமும் வேறு. யூ21-க்கு இந்தச் சீசனுக்குள் பலன் வேண்டும், முக்கியத் திறமைகளை ஏற்றச் சொல்வார். சீனியர் அணிக்கு அவசரம் கிடையாது. முதலில் துணைத் திறமைகள், முக்கியமானவை பிறகு என்பார், காரணம் அதற்குள் சம்பளம் ஏறிவிடக் கூடாது. கூரை உயரமான பையன் என்றால் சீனியர் அணி சொல்வதில் நியாயம் அதிகம். நடுத்தரக் கூரை என்றால் அவனுக்கு யூ21 தான் எல்லாம், தயங்காமல் ஏற்றலாம். கடைசியில் பணம் கொடுப்பது நீங்கள், முடிவும் உங்களுடையது.

தேர்தலில் இதற்கு இடமுண்டு: சீனியர் அணி மேனேஜரோடு பேசும் உறவில் இருக்கிறாரா என்று வேட்பாளரைக் கேளுங்கள். முதலாளிக்கு இரண்டு பேரிடமிருந்தும் முரணான மெயில் வந்தால் அவர் இரண்டையும் குப்பையில் போடுவார்.

ஒரே ஒருத்தர்தான் நிக்கிறார். இனி கேட்டு என்ன?

கேட்கத்தான் வேண்டும். போட்டியே இல்லாமல் வருபவரிடம் டிராஃப்ட் வாரத்தைப் பற்றியும் 19 வயதுக்காரர்களைப் பற்றியும் நான்கு பேர் கேட்டிருந்தால், யாரோ கவனிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். கேட்டவர்களில் ஒருவரை அவர் ஸ்கவுட்டாக இழுத்துக்கொள்ளவும் செய்வார், ஜாக்கிரதை.

நானே நிக்கலாமா? இரண்டு சீசனா தான் ஆடறேன்.

விதி அனுமதித்தால் நிற்கலாம். என் யோசனை, முதலில் ஒரு தடவை யாருக்காவது ஸ்கவுட்டாக இருங்கள். ஒரு வயது, ஒரு இடம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணத்துக்கு 18 வயது கார்டுகள். முதலாளிகள் எப்படிப் பதில் போடுகிறார்கள், எத்தனை பேர் பதிலே போடுவதில்லை என்பது அதில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் நீங்கள் நிற்க வேண்டிய ஆள்தான்.

நான் போட்ட ஆள் தோத்துட்டார். ஜெயிச்சவரை எனக்குப் பிடிக்கல. இப்ப என்ன?

உங்களிடம் நம் நாட்டுப் பையன் 21 வயதிலோ அதற்குக் கீழேயோ யாராவது இருந்தால், பிடிக்காதவருக்கே மெயில் போடுங்கள். பெயர், வயது, உயரம், பொடென்ஷியல், எல்லாத் திறமைகளின் இப்போதைய நிலை, இப்போது என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள், எந்த இடத்தில் ஆடவைக்க உங்களால் முடியும், எது முடியவே முடியாது. கடைசி இரண்டும் முக்கியம். ‘லீக் ஆட்டத்தில் இவனைக் கார்டாக விட மாட்டேன், வார நடு ஆட்டத்தில் சரி’ என்று நீங்களே முதலில் எழுதிவிட்டால், அவருக்கு ஒரு மெயில் மிச்சம், உங்களுக்கு ஒரு எரிச்சல் மிச்சம்.